ஆயில் மீட்டர் ஊசி இறங்கினால்: பழுது மானியிலா, எஞ்சினிலா?

(பண்ணை இயந்திரப் பராமரிப்புப் பயிற்சியில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கப் பழைய பிக்கப் வண்டி ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் வண்டியானாலும், பக்கத்து ஊருக்குத் தீவனம் கொண்டு போகும் வண்டியானாலும், அதன் எஞ்சின் ஒரு முறை கெட்டால் ஒரு பருவத்து வருமானம் போய்விடும். எனவே வண்டியின் முன்பலகையில் உள்ள ஒரு சிறிய மானியைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன். புத்தகத்தில் அதற்கு எண்ணெய் அழுத்தமானி என்று பெயர். நாம் ஆயில் மீட்டர் என்கிறோம்.

எனக்குத் தெரிந்த இரண்டு விவசாயிகளின் அனுபவத்தை முதலில் சொல்கிறேன். ஒருவர் விடியற்காலையில் சுமையோடு போகும்போது ஊசி பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. "மீட்டர் பழசு, அப்படித்தான் காட்டும்" என்று எண்ணிச் சந்தை வரையில் ஓட்டிவிட்டார். சந்தைக்குச் சற்று முன்பாக எஞ்சின் தட்டத் தொடங்கி நின்றது. பேரிங்குகள் உருகி, கிராங்க் தண்டு கீறலாகிவிட்டது. மற்றவருக்கும் ஊசி பூஜ்யம்தான் காட்டியது. அவர் உடனே நிறுத்தினார், ஆனால் காட்டிய இடத்தில் எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் நன்றாக இருந்தது. சென்சாருக்குப் போகும் கம்பி அறுந்திருந்தது, அவ்வளவுதான். ஒருவர் மானியை நம்பாமல் கெட்டார். மற்றவர் சோதிக்காமல் நம்பிச் செலவு செய்தார். ஊசி இறங்கியதும் எஞ்சினை நிறுத்த வேண்டும். பழுது எங்கே என்பதைச் சோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

அழுத்தம் என்றால் என்ன?

சொட்டுநீர்ப் பாசனம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மோட்டார் தண்ணீரைத் தள்ளுகிறது. சொட்டுவான்களின் துளை சிறியதாக இருக்கும்வரை குழாயில் அழுத்தம் நிற்கும். பக்கக் குழாய் ஒன்று அறுந்தால் மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும், ஆனால் கடைசி வரிசைக்குத் தண்ணீர் போகாது. எஞ்சினிலும் இப்படித்தான். அடித்தொட்டியிலிருந்து எண்ணெய்ப் பம்பு எண்ணெயை உறிஞ்சி, வடிகட்டி வழியாகப் பேரிங்குகளுக்குத் தள்ளுகிறது. பேரிங்குக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி நூலிழைக்கும் குறைவு. அந்த இடைவெளியில் எண்ணெய் நிற்பதால்தான் உலோகமும் உலோகமும் உரசுவதில்லை. பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றால் எண்ணெய் எளிதில் ஒழுகி அழுத்தம் விழுகிறது. தொட்டியில் எண்ணெய் குறைந்தாலும், பம்பு தேய்ந்தாலும், மிகை அழுத்த வால்வில் தூசி சிக்கி அது திறந்தே நின்றாலும் அதே கதைதான்.

எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் உள்ள அளவே சரி. பொதுவாக, நன்றாகச் சூடேறிய எஞ்சினில் மெதுவான ஓட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அளவிலும், சாலை வேகத்தில் 2.5 முதல் 4 கிலோ வரையிலும் இருக்கும். பவுண்டில் குறிக்கப்பட்ட மானியானால் 1 கிலோ என்பது ஏறக்குறைய 14 பவுண்டு. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் ஊசி உயரமாக நிற்பதும், சூடேறிய பின் சற்று இறங்குவதும் இயல்பே.

மூன்று வகை

பழைய வண்டிகளில் மூன்று விதமான ஏற்பாடு உண்டு. முதலாவதில் எஞ்சினிலிருந்து மெல்லிய செம்பு அல்லது நைலான் குழாய் வழியாக எண்ணெயே மானிக்கு வருகிறது. மானியினுள் வளைந்த தட்டையான குழல் ஒன்று இருக்கும். சுருட்டி வைத்த தட்டை ஹோஸில் தண்ணீர் விட்டால் அது புடைத்து நிமிர்வது போல, அழுத்தம் வந்ததும் இந்தக் குழல் நிமிர முயன்று ஊசியைத் தள்ளுகிறது. பிரெஞ்சுக்காரரான யூஜின் பூர்டோன் 1849இல் உரிமம் பெற்ற அமைப்பு இது; உங்கள் ஊர் ஸ்பிரேயரில் உள்ள அழுத்தமானியும் இதே அமைப்புதான்.

இரண்டாவது வகையில் எஞ்சினில் திருகப்பட்ட சென்சார் ஒன்று அழுத்தத்துக்கு ஏற்ப மின்தடையை மாற்றுகிறது; ஒற்றைக் கம்பி மானிக்குச் செல்கிறது. மூன்றாவதில் ஊசியே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும். இதில் உள்ளது வெறும் சுவிட்ச். பெரும்பாலும் அரைக் கிலோவுக்கும் கீழே அழுத்தம் போனால்தான் விளக்கு எரியும். ஆகவே விளக்கு எரியவில்லை என்பதால் அழுத்தம் போதுமானது என்று பொருளல்ல. விளக்கு எரிந்தால் ஆபத்து கதவைத் தட்டிவிட்டது என்று கொள்ளுங்கள்.

நிறுத்தியதும் பார்க்க வேண்டியவை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் பொறுத்து, அளவுக்குச்சியைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் அடியில் குனிந்து ஒழுகல் தேடுங்கள். அண்மையில் வடிகட்டி மாற்றியிருந்தால் அங்கேயே முதலில் பாருங்கள். பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதிய வடிகட்டியைத் திருகிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சில கிலோமீட்டரில் எண்ணெய் முழுதும் பீறிட்டுப் போய்விடும். திருப்பத்திலும் மேட்டிலும் மட்டும் ஊசி விழுந்து எழுந்தால் எண்ணெய் குறைவு என்று முதலில் சந்தேகியுங்கள். உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது.

அளவு குறையாமல் கூடியிருந்தால் மகிழ வேண்டாம். டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுப்பாவது இயல்பு. ஆனால் விரலில் தேய்த்தால் தண்ணீர் போல் நீர்த்து டீசல் வாடை வீசினால், டீசல் பம்பின் ஜவ்வு கிழிந்து உள்ளே இறங்கியிருக்கலாம். மோர் போல் வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டிலும் மானியை ஆராய வேண்டியதில்லை. எஞ்சினைக் கிளப்பாமல் கட்டி இழுத்துச் செல்லுங்கள். எஞ்சினில் தட்டும் ஓசை கேட்டிருந்தாலும் அதே முடிவுதான்.

மானியைச் சோதிக்கும் முறை

எண்ணெய் சரியாக இருக்கிறது, ஓசையும் இல்லை என்றால் அடுத்து மானியிடம் வருவோம். எஞ்சினைக் கிளப்பாமலே பாதி வேலையை முடித்துவிடலாம்.

மின்சார மானியானால் சாவியை மட்டும் திருகி, சென்சாரில் உள்ள கம்பியைக் கழற்றி ஊசி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கம்பியின் நுனியை எஞ்சினின் சுத்தமான உலோகத்தில் தொடவையுங்கள். ஊசி மறு முனையை நோக்கி நகர வேண்டும். சில வண்டிகளில் தொட்டதும் மேலே ஏறும், சிலவற்றில் கீழே இறங்கும். எதுவானாலும் நகர்ந்தால் போதும். நகர்ந்ததும் எடுத்துவிடுங்கள், பிடித்துக்கொண்டேயிருந்தால் சில மானிகள் கெட்டுவிடும். பேட்டரியின் மின்சாரத்தை நேராகச் சென்சாருக்கோ மானிக்கோ கொடுத்துப் பார்க்கும் வேலை ஒருபோதும் வேண்டாம். கணினி வைத்த புதிய வண்டிகளிலும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

ஊசி நகர்ந்தால் மானியும் கம்பியும் நன்றாக உள்ளன. பழுது சென்சாரில் இருக்கலாம், அல்லது அழுத்தமே உண்மையில் குறைந்திருக்கலாம். பலரும் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு "மானி நன்றாக இருக்கிறது, சென்சார்தான் போச்சு" என்று முடித்துவிடுகிறார்கள். ஊசி நகராவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கலாம், மானிக்கு மின்சாரம் வராமலிருக்கலாம், அல்லது மானியே கெட்டிருக்கலாம். எஞ்சின் அருகே கம்பி உரசும் இடங்களையும், முன்பலகைக்குப் பின்னால் இணைப்புகளையும் 12 வோல்ட் சோதனை விளக்கால் பாருங்கள். டீசல் மானி, வெப்ப மானி எல்லாமே ஒன்றாகத் தாறுமாறாகக் காட்டினால் பொதுவான மின் இணைப்பிலோ எர்த்திலோ கோளாறு.

சிவப்பு விளக்கு வண்டியில் எஞ்சின் நின்றிருக்கும்போது சாவி திருகியதும் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கிறது, அல்லது கம்பி விட்டிருக்கிறது. அப்படிப்பட்ட வண்டி எச்சரிக்கையே இல்லாமல் ஓடுகிறது என்று பொருள்.

குழாய் வகை மானியில் எஞ்சின் நின்ற பிறகும் ஊசி பூஜ்யத்துக்கு வராவிட்டால் மானி கெட்டது. மிக மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால் குழாயில் கசடு அடைத்திருக்கலாம். நைலான் குழாய் புகைக் குழாயின் சூட்டில் படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அது உருகினால் எண்ணெய் வெளியே பீறிட்டு எஞ்சினும் கெடும், தீயும் பிடிக்கும்.

இவ்வளவும் செய்தாலும் இறுதித் தீர்ப்பு சோதனை மானி ஒன்றால்தான் கிடைக்கும். நல்ல பணிமனைகளில் இது இருக்கும். நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாலும் தகும். சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் இதைத் திருக வேண்டும். மரை பொருந்தாவிட்டால் பலவந்தம் செய்யக் கூடாது, பொருத்தமான இணைப்பான் வாங்குங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டுக்கொள்ளுங்கள். தோளில் துண்டு, தழைய விட்ட வேட்டியோடு விசிறிப் பெல்ட் அருகே குனிய வேண்டாம்.

நிறுத்தும் குமிழ் உள்ள பழைய டீசல் வண்டியானால் அதை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைப் பத்து நொடி சுற்றுங்கள். எஞ்சின் கிளம்பாமலே சுற்றும்; சோதனை மானியின் ஊசி அசைந்தால் பம்பு எண்ணெய் தள்ளுகிறது. கொஞ்சமும் அசையாவிட்டால் கிளப்பாதீர்கள். அசைந்தால் கிளப்பி, ஊசி உடனே ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டாலும், ஓசை கேட்டாலும் அப்போதே நிறுத்துங்கள். ஏறினால் எஞ்சின் சூடாகும் வரை விட்டு, மெதுவான ஓட்டத்திலும் வேகத்திலும் அளவைக் குறித்துக் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

அளவு சரியாக இருந்தால் புதிய சென்சார் போட்டு வேலையை முடிக்கலாம். மரையில் டெஃப்லான் டேப்பைக் கண்டபடி சுற்றாதீர்கள். ஒற்றைக் கம்பிச் சென்சாருக்கு மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. நல்ல சென்சாரும் டேப்பால் தவறாகக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையிலேயே அழுத்தம் குறைவு என்றால், குறிப்பிட்டதைவிடக் கெட்டியான எண்ணெயை ஊற்றி ஊசியை உயர்த்திக் காட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஊசி உயரும், தேய்மானம் நிற்காது. காலைக் குளிரில் பேரிங்குக்கு எண்ணெய் தாமதமாகவும் போகும். வால்வு, உறிஞ்சு வலை, பம்பு என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங் ஷெல் மாற்றும் நிலையிலேயே பிடித்துவிட்டால், கிராங்கைக் கடையும் செலவு மிச்சமாகும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினைக் கிளப்பும் முன் சாவியை மட்டும் திருகி எண்ணெய் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் சுவிட்சின் கம்பியைக் கழற்றச் சொல்லுங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால், அந்த விளக்கை பேட்டரி சார்ஜ் விளக்கோடு இணைத்து, அதோடு சேர்ந்து அணையும்படி செய்து வைத்திருக்கலாம். எஞ்சினைச் சூடேற்றி, உங்கள் கையிலுள்ள சோதனை மானியைப் போட்டுப் பார்த்த பிறகு விலை பேசுங்கள். சூடான எஞ்சினில் அப்படிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், வேறு வண்டி பாருங்கள்.