உங்கள் அட்டையை யார் கேட்கலாம்?



தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பிள்ளை சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்படுகிறான் என்றால், தாய் அவனுக்கு எத்தனையோ புத்தி சொல்லி அனுப்புகிறாள். வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், காசைச் சிக்கனமாகச் செலவு செய் என்கிறாள். இவற்றோடு இந்தக் காலத்தில் சொல்ல வேண்டிய இன்னொரு புத்தியும் உண்டு. "உன் பெயரையும் உன் அட்டை எண்ணையும் கண்டவர் கையில் கொடுத்துவிடாதே" என்பதுதான் அது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

சிங்கப்பூரில் தமிழர்கள் கூடும் இடம் லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலை, தேக்கா சந்தை, பஃபலோ ரோடு, டன்லப் ஸ்திரீட் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மவர்கள் தோளோடு தோள் உரசி நடப்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவதும் சாமான் வாங்குவதும் அங்கேதான். கைப்பேசிக்கு சிம் அட்டை வாங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். புதிதாகப் போன பையன் ஒருவன் அப்படி ஒரு கடைக்குள் நுழைகிறான் என்று வைத்துக்கொள்வோம். "தம்பி, பெர்மிட்டைக் கொடுங்க" என்று கடைக்காரர் கேட்கிறார். அவனும் கொடுக்கிறான். அவர் அதை ஒரு கருவியில் காட்டுகிறார், ஏதோ அழுத்துகிறார், சிம்மைக் கையில் கொடுக்கிறார். முன்பின் இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தில் அவன் பெயரில் என்ன நடந்தது என்பது அவனுக்குத் தெரியுமா?

இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஒரு கைப்பேசிக் கடைக்காரருக்கு 35,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. சிம் வாங்க வந்தவர்களின் விவரங்களை வைத்து, அவர்களுக்குத் தெரியாமலே அவர்கள் பெயரில் கூடுதல் சிம் அட்டைகளைப் பதிவு செய்தார் என்பது குற்றம். அப்படிப் பதிவான சிம் ஒன்று ஒரு மோசடிக்காரன் கையில் சேர்ந்தால் என்ன ஆகும்? அவன் யாரையோ ஏமாற்றுவான். காவல்துறை எண்ணைத் தேடிப் பார்க்கும்போது அங்கே இருப்பது ஒரு பாவமும் அறியாத தொழிலாளியின் பெயராக இருக்கும்.

நேயர்களே, நம் பெயரை இன்னொருவர் கை எழுதுவதால் வரும் துன்பம் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களிலே ஒரு காலத்தில் 'துண்டு' முறை என்று ஒன்று இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்கும். எழுதியது யாரோ, கட்டுப்பட்டது தொழிலாளி. அதில் என்ன எழுதியிருந்தது என்றுகூடப் பலருக்குத் தெரியாது. 1921-ஆம் ஆண்டில் அந்த முறையைச் சட்டம் ஒழித்தது. காகிதத் துண்டு போய்விட்டது. ஆனால் நம்முடைய பெயரும் எண்ணும் இப்போது கணினிக்குள்ளே எழுதப்படுகின்றன. எழுதும் கையைக் கவனிக்க வேண்டிய தேவை இன்னும் போய்விடவில்லை.

இதற்காகத்தான் சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. சட்டத்தின் சாரத்தை எளிதாகச் சொல்லலாம். உங்கள் விவரத்தை வாங்குகிற வணிகர் எதற்காக வாங்குகிறார் என்று சொல்ல வேண்டும். உங்கள் சம்மதம் இருக்க வேண்டும். சொன்ன காரியத்துக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தேவை தீர்ந்ததும் அழித்துவிட வேண்டும். பக்கத்து வீட்டில் உரல் இரவல் வாங்குகிறோமே, அது போலத்தான். மாவு இடிக்க வாங்கிய உரலை இன்னொருவருக்கு வாடகைக்கு விடலாமா?

அப்படியானால் கடைக்காரர் அட்டையைக் கேட்டதே தவறா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. இங்கேதான் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். சில இடங்களில் அட்டையைக் கேட்கும்படி சட்டமே சொல்கிறது. சிம் அட்டை வாங்கும்போது, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது, மருத்துவரிடம் சிகிச்சை பெறும்போது, வேலையில் சேரும்போது, விடுதியில் அறை எடுக்கும்போது கேட்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்க மாட்டேன் என்று வாதாடினால் காரியம் கெடும்.

ஆனால் குலுக்கல் பரிசுக்குச் சீட்டு நிரப்புகிறோம், கடையில் உறுப்பினராகச் சேருகிறோம், வாடகைக்கு மிதிவண்டி எடுக்கிறோம். இவற்றுக்கு அட்டை எண் எதற்கு? 2019 செப்டம்பர் 1-ஆம் தேதியிலிருந்து, சட்டம் கோராத இடத்தில், ஆளை மிகத் துல்லியமாக உறுதி செய்ய வேண்டிய அவசியமும் இல்லாத இடத்தில், தனியார் நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணை வாங்கக் கூடாது, அட்டையைப் பிரதி எடுக்கக் கூடாது, அட்டையையே பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. குடிமக்களின் அட்டைக்கு மட்டுமல்ல, வெளிநாட்டுத் தொழிலாளியின் வேலை அனுமதி எண்ணுக்கும் இதே விதிதான். வயதைச் சரிபார்க்க அட்டையைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுப்பது வேறு. பார்ப்பது வேறு, வைத்துக்கொள்வது வேறு என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். "தொலைந்துவிடும், நானே பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று முதலாளி அதை வாங்கிப் பூட்டி வைக்கக் கூடாது. வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டும் வேலை அனுமதி அட்டையும் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டியவை. வைத்துக்கொண்டு தர மறுத்தால் மனிதவள அமைச்சிடம் முறையிடலாம்.

இதுவரை பிறர் எடுப்பதைப் பற்றிச் சொன்னேன். இனி நாமாகவே கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்வதைப் பற்றிச் சொல்கிறேன். "உன் பெயரில் ஒரு சிம் எடுத்துக் கொடு, ஐம்பது வெள்ளி தருகிறேன்" என்று ஒருவன் வருவான். "உன் வங்கிக் கணக்கை ஒரு வாரத்துக்குக் கொடு" என்பான். "உன் சிங்பாஸ் ரகசியச் சொல்லை மட்டும் சொல்" என்பான். சிங்பாஸ் என்பது அந்த நாட்டில் அரசாங்க அலுவல்களுக்கும் வங்கி வேலைகளுக்கும் உதவும் மின்னணுச் சாவி. ஊருக்கு அனுப்பப் பணம் போதாமல் தவிக்கிறவனுக்கு ஐம்பது வெள்ளி பெரிதாகத் தோன்றும். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? குற்றத்துக்கு உதவும் வகையில் சிங்பாஸ் விவரத்தை மற்றவருக்குக் கொடுப்பது 2024 பிப்ரவரி 8-ஆம் தேதியிலிருந்து குற்றம். குற்றத்துக்குப் பயன்படும்படி தன் பெயரிலுள்ள சிம்மைக் கைமாற்றுவது 2025 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து குற்றம். இவை ஒவ்வொன்றுக்கும் 10,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஐம்பது வெள்ளிக்கு ஆசைப்பட்டு ஆயுள் சம்பாத்தியத்தை இழப்பதா? "எனக்குத் தெரியாது, நண்பன் கேட்டான்" என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று நம்பி இருக்க வேண்டாம்.

நம்மில் சிலர் உழைத்து முன்னேறி, சொந்தமாகச் சிறு கடை வைக்கிறோம். மளிகைக் கடை, தையல் கடை, முடிதிருத்தும் கடை என்று எதுவாகவும் இருக்கலாம். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. சின்னக் கடைதானே என்று இந்தச் சட்டம் விட்டுவிடுவதில்லை. தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரையாவது நியமிக்க வேண்டும். கடையில் ஒரே ஆள் என்றால் அந்த ஒருவரே பொறுப்பாளி. கண்காணிப்புக் கேமரா வைத்தால், கேமரா இருக்கிறது என்று வருகிறவர் கண்ணில் படும்படி அறிவிப்பு வைக்க வேண்டும். கடன் வாங்கிய வாடிக்கையாளரின் பெயரையும் தொகையையும் சுவரில் ஒட்டுவதோ, அவர் அட்டையைப் படம் பிடித்துக் குழுவில் அனுப்புவதோ கூடாது. பற்று நோட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற பழக்கம் நம் முன்னோர் கடைகளில் இருந்ததுதானே? அதே பழக்கம் கைப்பேசிக்கும் கணினிக்கும் வர வேண்டும்.

பூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. சிங்கப்பூரில் ஒரு பாட்டுக்கூட நிறுவனத்தின் 3,17,000 உறுப்பினர்களின் விவரங்கள் 2014-இல் வெளியே கசிந்தன. விசாரித்துப் பார்த்தபோது, வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கு நீக்கப்படாமல் இருந்தது தெரிந்தது. அதன் ரகசியச் சொல்லும் எவரும் ஊகிக்கக்கூடியதாக இருந்தது. 2016-இல் அந்த நிறுவனத்துக்கு 50,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். விலகிப்போன ஸ்டோர்காரரிடமிருந்து சாவியைத் திருப்பி வாங்காமல் விட்டது போன்ற தவறு அது.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. 2018-இல் சிங்ஹெல்த் என்னும் மருத்துவமனைக் குழுமத்தின் கணினிக்குள் திருடர்கள் புகுந்து, 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களை எடுத்துக்கொண்டார்கள். அந்நாட்டுப் பிரதமரின் விவரமும் அதில் இருந்தது. 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில், பெயரைத் தேடினால் முழு அடையாள எண்ணும் தெரியும் நிலை ஏற்பட்டு, அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. ஆகவே, எண் ரகசியம் என்று நம்பி அதையே ரகசியச் சொல்லாக வைக்காதீர்கள். உங்கள் எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டான் என்பதற்காகத் தொலைபேசியில் பேசுகிறவன் அதிகாரி என்று நம்பிவிடவும் வேண்டாம். எண்ணை யாரும் எங்கிருந்தும் பெற்றிருக்கலாம்.

சிங்கப்பூரோடு இது முடிந்துவிடவில்லை. மலேசியாவில் 2010-இலும், இலங்கையில் 2022-இலும், இந்தியாவில் 2023-இலும் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. எந்த நாட்டுச் சட்டமானாலும், கேள்வி கேட்கிறவனுக்குத்தான் அது துணை நிற்கும்.

அடையாள அட்டை ஒன்று கிடைக்காதா என்று எத்தனையோ ஆண்டுகள் வரிசையில் நின்றவர்கள் நம் பெரியவர்கள். அதனால் அலுவலகக்காரர் யார் கேட்டாலும் மறுபேச்சின்றி நீட்டிவிடும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற ஒன்றைக் காப்பாற்றுவதும் நம் கடமை அல்லவா?

இன்று இரவு பிள்ளை தொலைபேசியில் அழைத்தால், மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். அட்டையைக் கேட்டால் "எதற்கு?" என்று மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள். பிரதி எடுத்துத் தந்தால், அது எந்தக் காரியத்துக்கு என்று அதன்மேல் எழுதி, தேதியும் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். தன் பெயரில் உள்ள சிம்மையும் வங்கிக் கணக்கையும் ரகசியச் சொல்லையும் எவருக்கும், உடன் தங்கியிருக்கும் நண்பனுக்கும்கூட, இரவல் தர வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்களும் அவனுடைய பாஸ்போர்ட் படத்தைக் கைப்பேசியில் வாங்கி வைத்திருந்தால், அதைப் பக்கத்து லயத்துக்கு அனுப்பிக் காட்டாதீர்கள்.

கைநாட்டு வைக்கும் முன் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்கப் பழகியவர்கள் நாம். அட்டையை நீட்டும் முன்னும் அப்படியே கேட்கப் பழகுவோம்.