உருண்டு போகும் இராவணன் மீசை

தாம்பரத்துல இருந்து நீலாங்கரை கடற்கரைக்குப் போனீங்கன்னா, முள் பந்து ஒண்ணு காத்துல மணல்மேல உருண்டு போறதைப் பார்க்கலாம். தொட்டா நல்லாவே குத்தும். அது இராவணன் மீசை என்கிற பல்லாண்டுப் புல்லின் பெண் கதிர். தாவரவியல் பெயர் ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ்.

நெல்லுல ஒரே பூவுக்குள்ள ஆண் பகுதியும் பெண் பகுதியும் இருக்கும். இதுல ஆண் செடி தனி, பெண் செடி தனி. மகரந்தத்தைக் கொண்டுபோறதும் காத்துதான், விதை முத்தின பந்தை உருட்டிட்டுப் போறதும் காத்துதான். பெட்ரோல் செலவே கிடையாது!

ஆனா எனக்குப் பெரிசா படுறது இதோட தண்டுதான். மணல்ல படர்ந்து ஓடுற தண்டு, கணுவுக்குக் கணு வேர் விடும். காத்து அள்ளிட்டு வர்ற மணல் இலைகள்ல தட்டி நிக்கும். புல் அதுல புதைஞ்சு போகாம, மேல எழுந்து வளரும். மறுபடியும் மணல் சேரும். மணல்மேடு உருவாகிறது இப்படித்தான். புயல் நேரத்துல அலையோட வேகத்தை முதல்ல வாங்கிக்கிறது அந்த மேடு.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில மணல்மேடுகளுக்கு முதல் வகைப் பாதுகாப்பு உண்டு. இருந்தும், வீட்டுல இருந்து கடல் தெரியணும்னு மேட்டைச் சமமாக்கிடறாங்க. ஞாயித்துக்கிழமை குப்பை பொறுக்கப் போற நண்பர்களே, பிளாஸ்டிக்கை எடுங்க. முள் பந்தை மட்டும் விட்டுடுங்க.