முட்டைக்கும் கறிக்கும் கோழி: எந்த முறை உங்களுக்கு?



நெய்வேலி நகரியத்தைச் சுற்றி மந்தாரக்குப்பம், வடலூர், முத்தாண்டிக்குப்பம் பக்கத்துக் கிராமங்களுக்கு நான் போகும்போதெல்லாம் விவசாயிகள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, கோழி வைக்கலாம்னு இருக்கேன். நாமக்கல் மாதிரி கூண்டு போடலாமா, பல்லடம் மாதிரி கறிக்கோழி கொட்டகை போடலாமா, இல்லே நாட்டுக்கோழியே போதுமா?" என்பார்கள். இதற்கு நான் திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். இடம் எவ்வளவு? வீட்டில் பார்த்துக்கொள்ள எத்தனை பேர்? விற்கப்போவது யாரிடம்? சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுச் சில சென்ட் மனையில் குடியிருப்பவருக்கும், ஓர் ஏக்கர் முந்திரித் தோப்பு வைத்திருப்பவருக்கும் ஒரே முறை ஒத்துவராது.

கூண்டு முறையை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கம்பிக் கூண்டில் வளரும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்கிறது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் விலை ஏறினால் முட்டையில் கிடைக்கும் காசு அத்தனையும் தீவனத்துக்கே போய்விடும். நாமக்கல் பண்ணையாளர்கள் ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் கோழி வைத்து, தீவனத்தைத் தாங்களே அரைத்து, லாரி லாரியாக முட்டை அனுப்புவதால் அவர்களுக்குக் கட்டுகிறது. நூறு இருநூறு கோழி வைத்துக்கொண்டு அவர்களோடு விலையில் போட்டி போட முடியாது. முட்டைக்கோழிதான் வேண்டும் என்பவர்கள் ஆழ்கூள முறையில் ஒரு கோழிக்கு இரண்டு முதல் இரண்டரை சதுர அடி விட்டு, ஐம்பது கோழியோடு ஆரம்பிக்கலாம். நகரியத்து வீடுகளில் நேரடியாக முட்டை வாங்கிக்கொள்ள ஆள் பிடித்த பிறகு எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

கறிக்கோழிக்கு வருவோம். இது நம் பக்கத்துக்கும் வந்திருக்கிறது. கம்பெனி குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கொடுக்கும். கொட்டகை, தண்ணீர், மின்சாரம், கூளம், உழைப்பு நம்முடையது. ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி போதும். நாற்பது நாற்பத்தைந்து நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை வந்துவிடும். வளர்ப்புக் கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி கடன் வாங்கி மூவாயிரம் கோழிக்குக் கொட்டகை போட்டார். நாற்பத்தைந்து நாள் வளர்ப்பு, பதினைந்து நாள் கொட்டகைக்கு ஓய்வு, ஆக ஆண்டுக்கு ஆறு முறை குஞ்சு இறங்கும் என்பது அவர் போட்ட கணக்கு. இறங்கியது நாலு முறைதான். சந்தை விலை விழுந்தபோது கம்பெனி குஞ்சு தருவதைத் தள்ளிப்போட்டது. கொட்டகை மாதக்கணக்கில் காலி. ஆனால் வங்கித் தவணை காலியாக இருக்குமா? 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று ஒரு வதந்தி கிளம்பி, நாடு முழுவதும் கறிக்கோழி விலை தரைமட்டத்துக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட காலம் திரும்ப வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை முறை குஞ்சு தருவீர்கள்? சாகிற கோழி யார் கணக்கு? வளர்ந்த கோழியைத் தூக்க நாள் கடந்தால் அந்த நாட்களின் நஷ்டம் யாருடையது? பதிலைத் தாளில் வாங்குங்கள். ஆறு முறைக்குப் பதில் நாலு முறை வந்தாலும் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியாது என்றால் வேண்டாம்.

கொட்டகை நீளவாக்கில் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அகலம் 25 அடிக்கு மேல் போனால் காற்றோட்டம் கெட்டுவிடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். கத்திரி வெயிலில் நடுப்பகலில் தீவனத்தை நிறுத்தி, குளிர்ந்த தண்ணீர் வையுங்கள். கூரைமேல் தண்ணீர் தெளியுங்கள். கூரையை இறுக்கிக் கட்டவும் மறக்கவேண்டாம். 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் நம் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

இனி, நம் பக்கத்துக்கு மிகவும் பொருந்துவதாக நான் நினைக்கிற முறை. பகலில் தோப்பில் மேய்ச்சல், இரவில் கூண்டு அடைப்பு, காலை மாலை கைத்தீவனம். மேய்ச்சலுக்கு இடம் குறைந்தவர்கள் கொட்டகையை ஒட்டி வலை கட்டி அதற்குள்ளேயே திரியவிடலாம்.

"இதைத்தான் எங்க பாட்டி காலத்துலேர்ந்து செய்யறோமே, என்ன லாபம் கண்டோம்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடை படுக்கும். 21 நாள் அடை. பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று மாதம் திரியும். ஒரு சுற்று முடிய நாலு மாதத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. பொரித்த பத்துக் குஞ்சில் பருந்துக்கும் கீரிக்கும் மழைக்கும் போக மூன்று நாலு மிஞ்சினால் அதிகம். நஷ்டம் முட்டையில் இல்லை, குஞ்சில் இருக்கிறது.

குஞ்சு பொரித்ததும் தாயிடமிருந்து பிரித்து விளக்குச் சூட்டில் வளர்த்துப் பாருங்கள். தாய்க்கோழி சில வாரங்களிலேயே மறுபடி முட்டைக்கு வந்துவிடும். குஞ்சும் மிஞ்சும். தகரத்தையோ அட்டையையோ வட்டமாக வளைத்து வைத்து, தரையில் உமி அல்லது கடலைத் தோல் பரப்பி, குஞ்சுக்கு இரண்டு வாட் வீதம் குண்டு பல்பு தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது; அதை மாட்டிவிட்டுக் குஞ்சு செத்துவிட்டது என்று வருந்தியவர்கள் உண்டு. குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று நெருக்கினால் குளிர் என்று பொருள், பல்பை இறக்குங்கள். ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம், ஏற்றுங்கள். பரவலாக இருந்தால் சரி. மூன்று வாரம் இப்படிப் பார்த்தால் போதும். மின்சாரம் பிறக்கிற ஊர்தான் நம் ஊர், ஆனாலும் காற்று மழை நாளில் விளக்கு அணையத்தான் செய்யும். ஒரு மண்சட்டியில் கரி நெருப்புப் போட்டு, குஞ்சு நெருங்காதபடி தள்ளி, காற்றோட்டம் விட்டு வைக்க ஆயத்தமாக இருங்கள்.

பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். அடைக்கு வைக்கும் முட்டை கோடையில் ஐந்து நாளுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. ஏழாம் நாள் டார்ச் விளக்கில் பார்த்து, கரு இல்லாததை எடுத்துவிடுங்கள். முட்டை அதிகம் வேண்டுவோர் ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையம் தந்த வனராஜா, கிராமப்ரியா ரகங்களை வளர்க்கலாம். இவற்றுக்கு அடைகாக்கும் குணம் குறைவு. நம் நாட்டுப் பெட்டையின் கீழ்தான் முட்டை வைக்கவேண்டும்.

தீவனச் செலவைக் குறைக்கக் கரையான் நல்ல வழி. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை கரையான் சேர்ந்திருக்கும். குஞ்சுகளுக்கு அது விருந்து. முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் தனியாக வையுங்கள். கடலைப் புண்ணாக்கில் மட்டும் எச்சரிக்கை. பூஞ்சணம் பிடித்ததை "கோழிதானே தின்னப்போகுது" என்று போடாதீர்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்துவிழக் காரணம் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்குதான். அதை ஆராய்ந்துதான் அப்ளாடாக்சின் என்ற நஞ்சைக் கண்டுபிடித்தார்கள்.

முந்திரி பூக்கும் காலத்தில் தேயிலைக் கொசுவுக்கு மருந்து அடிப்பீர்கள். அந்தச் சில நாள் கோழியைத் தோப்பில் விடாதீர்கள்.

கடைசியாக வெள்ளைக்கழிச்சல். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, இரண்டு நாளில் கூண்டே காலியாகும். வந்தபின் மருந்து இல்லை, தடுப்பு மட்டுமே உண்டு. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். ஊரில் ஒரு வீடு போடாமல் விட்டாலும் நோய் அந்த வீட்டு வழியாக நுழையும். செத்த கோழியைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள், குளத்தில் வீசவேண்டாம். நோய் கண்டதும் மிச்சத்தை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோவது பக்கத்து ஊருக்கு நோயை ஏற்றுமதி செய்வதாகும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பத்துக் கோழி இருக்கும்வரை அது வீட்டுப் பெண்களின் காசு. ஐம்பது ஆனதும் கணக்கு நோட்டு உங்கள் கைக்கு மாறிவிடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். கூண்டைத் திறந்து மூடுவது அவர்கள், குஞ்சைக் காப்பதும் அவர்கள். நோட்டும் அவர்களிடமே இருக்கட்டும்.

தடுப்பூசிக்குக் கோழிகளை மாலையில் கூண்டில் அடைத்து வைத்து, காலை வெயில் ஏறுமுன் உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். சொட்டு மருந்தை வீட்டுக்கு வாங்கி வருவதானால் ஐஸ் போட்ட பிளாஸ்க்கை மறக்காதீர்கள்.