காலையில் உண்டீர்களா?

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பெரிய சொற்கள் அத்தனை தொல்லை தருவதில்லை. ஒப்பந்தம், ஒழுங்குமுறை, தீர்மானம் ஆகியவற்றுக்கெல்லாம் அகராதி கைகொடுக்கும். சமையலறைச் சொற்கள்தாம் பேனாவை நிறுத்திவிடும். தலைநகரில் மத்திய அரசின் மொழிபெயர்ப்பு மேசையில் கழித்த ஆண்டுகளில் நம்மை மிகவும் அலைக்கழித்த சொல் எது என்று கேட்டால், 'பிரேக்பாஸ்ட்' என்றே விடை சொல்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வினாத்தாள் ஒன்று தமிழாக்கத்திற்கு வந்தது. இன்று காலை 'பிரேக்பாஸ்ட்' உண்டீர்களா என்பது அதில் ஒரு வினா. ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள். 'காலைச் சிற்றுண்டி அருந்தினீர்களா?' என்று நொடியில் எழுதி முடித்தோம். அந்த வாரமே விடுமுறையில் தஞ்சைப் பக்கத்துச் சொந்த ஊருக்குச் சென்றிருந்தபோது, களையெடுத்துக் கரையேறிய மூதாட்டி ஒருவரிடம் அவ்வினாவைப் படித்துக் காட்டினோம். சொல் விளங்குகிறதா என்று அறிவதே நோக்கம். "சிற்றுண்டியா? அதுக்கெல்லாம் நாங்க எங்கே போறது, தம்பி" என்று அவர் சிரித்தார். அவர் பக்கத்தில், வரப்பின்மேல், கழுவிக் கவிழ்த்த தூக்குவாளி ஒன்று இருந்தது. அதில் கொண்டுவந்த பழைய சோற்றையும் இரண்டு சின்ன வெங்காயத்தையும் உண்டுவிட்டுத்தான் அவர் வயலில் இறங்கியிருந்தார். நம் தாளின்படி அவர் பட்டினி.

டில்லி திரும்பியதும் மற்ற மொழிகளில் பணிபுரியும் நண்பர்களைப் பிடித்துக்கொண்டோம். உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல், அந்தச் சொல்லுக்குள் என்ன உணவு என்று ஒவ்வொருவரையும் கேட்டோம்.

இந்தியில் 'நாஷ்தா' என்பர். அது பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள், விடிந்தது முதல் ஒன்றும் உண்ணாதிருத்தல். உண்ணாமையின் பெயரே உணவுக்கு ஆகிவந்துவிட்டது! பழைய டில்லியில், ஜும்மா மசூதியைச் சுற்றிய சந்துகளில், இரவெல்லாம் சிறுதீயில் வெந்து வைகறையில் ரொட்டியுடன் கிடைக்கும் இறைச்சிக் குழம்பு 'நிஹாரி'. பகலைக் குறிக்கும் 'நஹார்' என்ற அரபுச் சொல் அதற்குப் பெயர் தந்தது. வங்காளத்தில் 'ஜொல்காபார்', அசாமில் 'ஜொல்பான்'. இரண்டிலும் தண்ணீர்தான் பெயரில் இருக்கிறது, கிண்ணத்தில் இருப்பதோ அவலும் பொரியும் தயிரும் வெல்லமும். நம்முடைய 'பலகாரம்' மட்டும் என்ன? பழ உணவு எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு அது. சோற்றை விலக்கும் விரத நாளின் உணவுக்கு வழங்கிய பெயர், வடையோடும் அதிரசத்தோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பழம் எங்கே, வடை எங்கே!

பஞ்சாபின் பராட்டாவும் வெண்ணெயும், இந்தூரில் தாளித்த அவலோடு ஜிலேபியும், காஷ்மீரத்தில் கிர்தா ரொட்டியோடு உப்பிட்ட இளஞ்சிவப்புத் தேநீரும், கேரளத்துப் புட்டும் கடலையும் விருந்தாளிக்கு எடுத்து வைக்கத் தகுந்தவை. ஆகவே வினாத்தாளிலும் அவற்றுக்கு இடருண்டாவதில்லை. இட்டிலியைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதே இல்லை. தன் பெருமையை அது தானே பரப்பிக்கொள்ளும்.

நம் மனம் சென்றது வேறொரு வரிசையில். காவிரிக்கரைப் பழைய சோறு கேரளத்தில் பழங்கஞ்சி, ஒடிசாவில் பகாள, வங்காளத்தில் பாந்தா பாத், அசாமில் பொய்தா பாத், சத்தீஸ்கரில் போரே பாசி. முறை ஏறக்குறைய ஒன்றே. மிஞ்சிய சோற்றில் நீரூற்றி இரவு முழுதும் வைத்தால், நுண்ணுயிர்கள் அதைச் சற்றே புளிக்கச் செய்யும். வெயிலில் உழைப்பவருக்கு அதுவே உணவு, அதுவே நீர். தொட்டுக்கொள்வதுதான் மாறுகிறது. நமக்குச் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும். ஒடிசாவில் நொறுக்கிய பருப்பு வடகமும் கீரை வதக்கலும். அசாமில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு. புரியில் ஜகந்நாதருக்கே பகாள நிவேதனம் உண்டு என்று ஒடிசா நண்பர் சொன்னபோது அவர் குரலில் பெருமிதம் ஒலித்தது. மார்ச் 20-ஆம் நாளை அவர்கள் பகாள நாளாகவே கொண்டாடுகின்றனர். நாமோ பழைய சோற்றை வெளியில் சொல்லக் கூசி வளர்ந்தவர்கள். 'காலையில் என்ன சாப்பிட்டாய்?' என்று கேட்ட ஆசிரியரிடம் 'இட்டிலி' என்று பொய் சொன்ன பிள்ளைகளுள் நாமும் ஒருவர்.

பீகார் நண்பர் 'சத்து' மாவைப் பற்றிச் சொன்னார். தமிழ்ச் சொல்லன்று, ஆயினும் பெயர் பொருந்தத்தான் செய்கிறது. வறுத்த கடலையை அரைத்த மாவு அது. நீரில் கரைத்து, உப்பும் நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் குடித்துவிட்டு வேலைக்குப் புறப்படலாம். அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. "இதையும் நாஷ்தா என்பீர்களா?" என்று கேட்டோம். அவர் சற்று யோசித்தார். "வீட்டில் சொல்வோம்; தாளில் எழுதமாட்டோம்" என்றார்.

ஒரு சொல்லுக்கு இத்தனை பாடா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டவரை உண்ணாதவர் என்று எழுதினால், உண்மையிலேயே வெறும் வயிற்றோடு இருப்பவர் அந்தக் கூட்டத்துக்குள் மறைந்துபோவார். அவ்வாறு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் கற்பனையல்லர். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மதிய உணவோடு காலையிலும் சத்துள்ள உணவு வேண்டுமெனப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றில் உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் காலையில் பரிமாறத் தொடங்கினர். அத்திட்டத்தின் பெயரில் 'காலை உணவு' என்றிருந்ததைத் தொழில் வழக்கத்தால் நாம் கவனித்துக்கொண்டோம்.

இனி நம் வினாத்தாளுக்கு வருவோம். தமிழ் முஸ்லிம் இல்லங்களிலும் மலேசியத் தமிழரிடையிலும் காலையில் உண்பதைப் 'பசியாறுதல்' என்பர். 'இன்று காலை பசியாறினீர்களா?' என்று எழுதிப் பார்த்தோம். அழகிய சொல், ஆனால் வயிறு நிறைந்ததா என்று கேட்பதாகச் சிலர் கொள்ளக்கூடும். முடிவில், 'இன்று காலை, பழைய சோறு, கூழ், கஞ்சி உட்பட, ஏதேனும் உண்டீர்களா?' என்று எழுதி அனுப்பினோம்.

மூன்றாம் நாள் தாள் திரும்பி வந்தது. பழைய சோற்றையும் கூழையும் கஞ்சியையும் சுற்றிப் பென்சிலால் ஒரு வளையம். ஓரத்தில் 'மூலத்தில் இல்லை' என்று ஒரு குறிப்பு. மூலத்தில் இல்லைதான். அந்த மூதாட்டியின் தூக்குவாளியைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தாளோடு இணைத்து, மறுபடியும் அனுப்பிவைத்தோம்.