இசைவாணர் எழுதிய கடிதங்கள்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், இசைவாணர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களைத் தேடிச் சேர்த்தல் என்பதாம். இசையைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல இச்சபையில் வீற்றிருக்கின்றன. ஆதலின் இது நமக்குப் புறம்பான பொருளன்று. பாடியவர் குரல் அடங்கிய பின், அவர் எதில் ஐயுற்றார், யாரிடம் கேட்டுத் தெளிந்தார் என்பவற்றை அறிவிக்க எஞ்சுவன சில தாள்களே. இத்துறையில் ஐரோப்பியர் பெற்ற நலத்தையும் அடைந்த இழப்பையும் ஆராய்வோமாயின் நம் கடமை தானே விளங்கும்.

முதற்கண் மோட்ஸார்ட் குடும்பத்தைக் காண்போம். தந்தையார் லியோபோல்டும் இசைவல்லுநரே; தமக்கை நான்னெர்லும் இசை பயின்றவர். 1778-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் பாரிஸ் நகரில் அன்னையார் உயிர்நீத்தபோது, இளைஞராகிய மோட்ஸார்ட் அச்செய்தியை உடனே தந்தைக்கு அறிவிக்கத் துணியாது, அவர் மனத்தை ஆயத்தஞ் செய்யுமாறு குடும்ப நண்பர் ஒருவருக்கு எழுதினார். 1785-இல் ஹைடன் என்னும் பேராசிரியர் மோட்ஸார்ட்டைப் புகழ்ந்துரைத்த செய்தியும் லியோபோல்டு தம் மகளுக்கு எழுதிய கடிதத்தாலேயே நமக்குக் கிடைத்தது. தந்தையார் மகன் கடிதங்களைப் பேணி வைத்தார். பின்னர் நான்னெர்ல் அவற்றை, மோட்ஸார்ட்டின் மனைவி மறுமணம் புரிந்த நிஸ்ஸென் என்பவரிடம் அளித்தார். அவர் அவற்றைக் கொண்டு இயற்றிய சரித்திரம் 1828-இல் வெளிவந்தது. ஆயினும் மோட்ஸார்ட் வியன்னாவில் வாழ்ந்த காலத்துத் தந்தையார் அவருக்கு எழுதிய கடிதங்கள் அழிந்தொழிந்தன. ஒருவர் வினா இருக்க, மற்றவர் விடை இல்லை. சேர்ப்போர் இருபுறத்தையும் தேடல் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மெண்டெல்ஸோன் என்பாரோ தமக்கு வந்த கடிதங்களைத் தொகுத்துக் கட்டடஞ் செய்து வைத்தார். பச்சை நூல்கள் எனப் பெயர்பெற்ற அவற்றுள் 27 தொகுதிகள் இன்று ஆக்ஸ்போர்டு நகரத்துப் போட்லியன் நூலகத்தில் உள்ளன. வாழுங்காலத்திலேயே ஒழுங்கு செய்தமையால் வந்த பயன் இது.

இனி, கடிதத்தால் கலைக்கு விளையும் நன்மையைக் கேளுங்கள். பிராம்ஸ் பியானோ வல்லவர், வயலின் வல்லவரல்லர். 1878-இல் வயலினுக்கெனப் பெரியதோர் இசையாக்கம் செய்தபோது, அதன் வயலின் பகுதியைத் தம் நண்பர் யோவாகிமுக்கு அனுப்பி, வாசிக்க இயலாத இடங்களையும் பொருந்தாத இடங்களையும் திருத்துமாறு வேண்டினார். அவ்வாக்கம் 1879-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் லைப்ஸிக் நகரில் யோவாகிமாலேயே அரங்கேறியது. ஒரு பெருநூல் இருவர் உழைப்பால் உருப்பெற்ற வரலாற்றைக் கடிதங்களே காட்டுகின்றன. பிராம்ஸ் பலரோடு நடத்திய கடிதப் போக்குவரத்து 1922-க்குள் 16 தொகுதிகளாக அச்சேறியது.

நிற்க. பிறர் கடிதத்தைப் படித்தல் முறையோ என்று சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. யோவாகிமின் இல்லறப் பிணக்கில் பிராம்ஸ் அவர் மனைவிக்கு எழுதிய ஆறுதற் கடிதம் நீதிமன்றத்தில் காட்டப்பட்டது. நெடுநாள் நட்பும் முறிந்தது. 1887-இல் வயலினுக்கும் செல்லோவுக்குமாக ஓர் ஆக்கம் செய்து பிராம்ஸ் அவரோடு மீண்டும் உறவாடினார். அதே ஆண்டில் அவரும் கிளாரா ஷூமனும் தாம் பெற்ற கடிதங்களை ஒருவருக்கொருவர் திருப்பித் தந்தனர். பிராம்ஸ் தாம் எழுதியவற்றுள் பெரும்பாலானவற்றை அழித்தார். கிளாராவும் அழிக்கத் தொடங்க, மகள் மேரி தடுத்தமையால் சில பிழைத்தன. எஞ்சியவை 1927-இல் நூலாயின. எழுதியவர் விருப்பம் மதிக்கத்தக்கதே. எனினும் அழித்தல் ஒன்றே வழியன்று. மனம் நோகத்தக்கவற்றை உறையிலிட்டு முத்திரையிட்டு, இத்தனை ஆண்டு கழித்தே திறக்க வேண்டுமென எழுதி வைக்கலாம். எரித்த தாளை மீட்க எவராலும் ஆகாது.

நம் நாட்டிலும் வழிகாட்டி உண்டு. தியாகராஜ சுவாமிகளின் மாணாக்கர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் மரபினர் காத்த சுவடிகள், மதுரைச் சௌராஷ்டிர சபையில் சேர்ந்து பேணப்பெற்றன. ஒரு சமூக சபை இசையுலகிற்குச் செய்த பேருபகாரம் அது. நம் வீட்டுப் பரண்களிலோ, தவிற்காரரை அழைத்தும், கச்சேரி நாளைக் குறித்தும், ஒரு பல்லவியின் எடுப்பை வினவியும் வந்த தபால் கார்டுகள் செல்லரிக்கின்றன. போகிப் பண்டிகையன்று அவையும் பழம்பாயோடு தீக்கு இரையாகின்றன.

ஆதலின் சில விதிகளைக் கூறி முடிப்பேன். தாளினும் உறையைப் பிரித்து எறியாதீர்கள். தேதியிடாத கடிதத்திற்குத் தபால் முத்திரையே தேதி. இரும்பு ஊசியும் கிளிப்பும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். அவற்றை மெல்லக் களையுங்கள். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடாவை ஒட்டாதீர்கள். வெயிலும் ஈரமும் படாதவாறு காகித உறையில் வையுங்கள். யார், யாருக்கு, எவ்வூரிலிருந்து எழுதினார் என்பதை முதியவர் இருக்கும்போதே கேட்டுத் தனித்தாளில் குறியுங்கள். படமெடுத்துப் பிரதி வைத்தல் நன்று. ஆயினும் பிரதி எடுத்தோம் என்று மூலத்தை விற்றுவிடலாகாது. தாள் பெற்றவருடையதாயினும் அதிலுள்ள எழுத்தின் உரிமை எழுதியவர்க்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது; 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் முறையும் அதுவே. ஆகவே அவர்கள் இசைவின்றி அச்சிடற்க.

குடும்பத்துக்கு ஒரு கடிதம் கிடைப்பினும் போதும். கடிதம் உங்களிடமே இருக்கட்டும். அதன் விவரத்தை மட்டும் நமது சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். பட்டியல் ஒன்று உருவானால், இங்கு ஒருவரிடம் உள்ள வினாவுக்கு வேறோர் ஊரில் மற்றொருவரிடம் உள்ள விடை தானே வந்து பொருந்தும். இவ்வேலையைத் தொடங்குமாறு சபையோரை வேண்டுகின்றேன்.