விற்றது சரக்கை அல்ல, வாக்குறுதியை!

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் சில தோழர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். பஞ்சப்படி இருக்கிறது, கூலி உயர்வுக் கோரிக்கை இருக்கிறது, இவற்றை விட்டுவிட்டு வீடியோ கேம் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் இன்று செல்போன் இருக்கிறது. அதில் விளையாட்டு இருக்கிறது. அந்த விளையாட்டும் ஒரு சரக்குதான். அதை உண்டாக்குகிறவர்கள் கூலிக்கு உழைக்கிறவர்கள். அதை விற்கிறவர்கள் லாபத்துக்காக விற்கிறவர்கள். ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அல்ல.

முதலில் சரக்கு இன்னதென்று பார்ப்போம். 'திறந்த உலக' விளையாட்டு என்று ஒரு வகை உண்டு. கூத்தில் ஒருவர் வேடம் கட்டி ஆடுவதுபோல, விளையாடுகிறவர் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார். திரையில் ஒரு ஊரே இருக்கும். தெருவில் நடக்கலாம், வண்டி ஓட்டலாம், எதிர்ப்படுகிறவரோடு பேசலாம், சண்டையிடலாம். எந்தத் திசையில் போவது என்பது அவர் விருப்பம். அந்த ஊரின் ஒவ்வொரு சுவரையும், நடமாடும் ஒவ்வொரு ஆளையும், கேட்கும் ஒவ்வொரு ஓசையையும் எங்கோ ஒரு தொழிலாளி உட்கார்ந்து உண்டாக்க வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் வருஷக்கணக்கில் உழைத்தால்தான் ஒரு விளையாட்டு உருவாகும்.

சரக்கு ஆக இவ்வளவு காலம் பிடிக்கிறது. முதலாளிக்கோ பணம் உடனே வேண்டும். இந்த இடைவெளியில்தான் வாக்குறுதி வியாபாரம் பிறக்கிறது.

இது புதிதாக வந்த வியாதி அல்ல. 2004ல் பிரிட்டனில் 'ஃபேபிள்' என்ற விளையாட்டு வெளிவந்தது. அதை உருவாக்கிய பீட்டர் மோலினோ, விளையாட்டுக்குள் ஒரு விதையை நட்டால் அது நாளடைவில் மரமாக வளரும் என்றெல்லாம் முன்கூட்டியே பேசியிருந்தார். விளையாட்டு வந்தது, மரம் வரவில்லை. அதே வருஷம் அவர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அமெரிக்காவில் 'ஸ்டார் சிட்டிசன்' என்ற விளையாட்டுக்கு 2012ல் ஜனங்களிடமே பணம் திரட்ட ஆரம்பித்தார்கள். 2022ல் வசூல் 50 கோடி டாலரைத் தாண்டியது. அப்போதும் விளையாட்டு முடிந்தபாடில்லை.

ஆனால் இந்த விஷயத்தை முழுதாகப் புரிந்துகொள்ள போலந்து நாட்டுக் கதையைத்தான் பார்க்க வேண்டும்.

போலந்தின் தலைநகரான வார்சாவில் சி.டி. ப்ராஜெக்ட் என்ற கம்பெனி இருக்கிறது. 1994ல் இரண்டு பள்ளித் தோழர்கள் ஆரம்பித்தது. வெளிநாட்டு விளையாட்டுத் தட்டுகளை வாங்கி விற்றுவந்த அது, பிறகு சொந்தமாகத் தயாரிக்கலாயிற்று. 2015ல் வெளிவந்த 'விட்சர் 3' உலகெங்கும் பேர் வாங்கியது. அந்தப் பேர்தான் அடுத்த வியாபாரத்துக்கு மூலதனமாயிற்று.

அடுத்த விளையாட்டின் பெயர் 'சைபர்பங்க் 2077'. இதை அறிவித்தது எப்போது? 2012ல்! முழு அளவில் வேலை தொடங்கியதோ 2016 வாக்கில்தான் என்று ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியது. அதாவது வேலை மும்முரமாகத் தொடங்குவதற்கு நான்கு வருஷம் முன்பே விளம்பரம் தொடங்கிவிட்டது.

2016ல் போலந்து அரசாங்கத்தின் ஆராய்ச்சி மானிய நிறுவனம் இந்தக் கம்பெனிக்குச் சுமார் 3 கோடி ஸ்லாட்டி மானியம் ஒதுக்கியது. உயிருள்ள பெருநகரத்தைத் திரையில் படைக்கும் முறையை உருவாக்குவது அந்தத் திட்டங்களில் ஒன்று. தனியார் லாபத்துக்குப் பொதுப் பணம் உதவிக்கு வருவதை இங்கேயும் காண்கிறோம்.

2018ல் அமெரிக்கக் கண்காட்சியில் ஏறத்தாழ முக்கால் மணி நேர விளையாட்டுக் காட்சியை ஓட்டிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பாத்திரங்கள் தங்கள் தங்கள் அன்றாட அலுவலோடு நடமாடுவார்கள் என்று பின்னர் சொன்னார்கள். சுவரில் ஓடலாம் என்றார்கள். பலர் சேர்ந்து ஆடும் வசதியும் பிறகு வரும் என்றார்கள். சுவரில் ஓடுவது வெளியீட்டுக்கு முன்பே கைவிடப்பட்டது. பலர் சேர்ந்து ஆடும் திட்டமும் பின்னால் கைவிடப்பட்டது.

அந்த 2018 காட்சியைப் பற்றி 2021 ஜனவரியில் ப்ளூம்பெர்க் ஒரு செய்தி வெளியிட்டது. கம்பெனியில் வேலை செய்த இருபதுக்கு மேற்பட்டவர்களிடம் பேசி எழுதியது அது. காட்சி ஏறக்குறைய முழுவதும் செட்டப். விளையாட்டின் அடிப்படை அம்சங்களே அப்போது முடிவாகவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். வெளியீட்டுக்கு இரண்டு வருஷம் முந்திய காட்சி அப்படித்தான் இருக்கும், அதைப் பொய் என்று சொல்லக்கூடாது என்பது நிர்வாகத்தின் பதில். இரண்டையும் கேட்டுத் தோழர்களே முடிவு செய்யலாம்.

2019 கண்காட்சியில் பிரபல நடிகர் கியானு ரீவ்ஸை மேடையேற்றி 2020 ஏப்ரல் 16 என்று தேதி அறிவித்தார்கள். வேலை செய்கிறவர்களுக்கோ தூக்கிவாரிப்போட்டது. இருக்கிற நிலையில் 2022க்கு முன்னால் முடியாது என்று அவர்களில் பலர் எண்ணியிருந்தார்கள். ஒருவர் அந்தத் தேதியையே கேலி என்று நினைத்தார் என்று அதே செய்தி சொல்கிறது. தறியில் நிற்கிறவனுக்குத் தெரியும் எத்தனை கஜம் இறங்கும் என்று. ஆனால் அவனைக் கேட்டு ஆர்டர் வாங்குகிறார்களா?

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? மானேஜர்கள் எல்லோரும் பிறவிப் பொய்யர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களை ஆட்டிவைக்கும் கயிறு வேறு இடத்தில் இருக்கிறது. கம்பெனியின் பங்குகள் வார்சா பங்குச் சந்தையில் விற்கின்றன. அங்கே இன்று கையிலுள்ள சரக்குக்கு மட்டும் விலை இல்லை. நாளைய லாபம் பற்றிய நம்பிக்கைக்கும் விலை உண்டு. புதிய அம்சம் ஒன்றை அறிவித்தால் பங்கு ஏறும். வராது என்றால் இறங்கும். அடுத்தது முன்பணம். சரக்கு வருவதற்கு முன்பே வாங்குகிறவர் பணம் கட்டிப் பதிவு செய்கிறார். அப்படிப் பணம் வரும்போது, சரக்கை நன்றாகச் செய்வதைவிட நன்றாகப் பேசுவதில் லாபம் அதிகம். டிசம்பர் பண்டிகை வியாபாரம் மூன்றாவது. அதைத் தவறவிட எந்த முதலாளிக்கும் மனம் வராது.

சொன்ன தேதியில் வேலை முடியவில்லை. ஏப்ரல் செப்டம்பராயிற்று, செப்டம்பர் நவம்பராயிற்று. கட்டாய ஓவர்டைம் இருக்காது என்று 2019ல் நிர்வாகம் பத்திரிகைக்குச் சொல்லியிருந்தது. 2020 செப்டம்பர் கடைசியில் வாரம் 6 நாள் வேலை என்று உத்தரவு வந்தது. ஓவர்டைமுக்குச் சம்பளம் உண்டு, போலந்துச் சட்டம் அதைக் கேட்கிறது என்பது உண்மை. வருஷ லாபத்தில் 10 சதவீதம் ஊழியர்களுக்கு உண்டு என்றும் நிர்வாகம் சொன்னது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமையையும் கெட்ட தூக்கத்தையும் எந்தக் கவரில் போட்டுக் கொடுப்பது? அக்டோபர் 5ந் தேதி 'சரக்கு தயார்' என்று அறிவித்தார்கள். அதே மாதம் 27ந் தேதி மறுபடி தள்ளிவைத்து டிசம்பர் 10 என்றார்கள்.

நவம்பரில் கம்பெனித் தலைவர் பங்குதாரர்களிடம், பழைய ஆட்டப் பெட்டிகளிலும் விளையாட்டு வியக்கத்தக்கபடி ஓடுகிறது என்ற பொருளில் பேசினார். விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்ததோ உயர்தரக் கம்ப்யூட்டரில் ஓடும் பிரதி மட்டுமே. அவர்கள் தாங்களே எடுத்த காட்சியைக் காட்டவும் அனுமதி இல்லை.

2020 டிசம்பர் 10ந் தேதி விளையாட்டு வெளிவந்தது. அதற்கு முன்பே 80 லட்சம் பேர் வாங்கியிருந்தார்கள். தயாரிப்புச் செலவும் விளம்பரச் செலவும் முன்பதிவிலேயே வந்துவிட்டன என்று கம்பெனியே அறிவித்தது. பழைய பெட்டி வைத்திருந்தவர்களின் கதி என்ன? படம் உறைந்து நின்றது. விளையாட்டு நடுவில் அணைந்தது. அவர்கள் புதுப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள், அல்லது கடையில் கிடைக்காதவர்கள். எட்டே நாளில் சோனி கம்பெனி அந்த விளையாட்டைத் தன் கடையிலிருந்து அகற்றி, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூன் 21 வரை அது திரும்ப வரவில்லை. ஆனாலும் 2020 முடிவதற்குள் 1 கோடியே 37 லட்சம் பிரதிகள் விற்றன!

2021 ஜனவரியில் கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவரான மார்ச்சின் இவின்ஸ்கி வீடியோவில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். முடிவு எங்களுடையது, ஊழியர்களைக் குறை சொல்லாதீர்கள் என்றார். அது சரி. ஆனால் சோதனையில் இந்தக் கோளாறுகளில் பெரும்பகுதி தெரியவில்லை என்றும் அதே வாயால் சொன்னார். கோளாறுகளைக் கண்டுபிடித்தோம், சரிசெய்ய நேரம்தான் தரவில்லை என்று ஊழியர்கள் ப்ளூம்பெர்கிடம் சொன்னார்கள்.

இனி பங்கீட்டைப் பாருங்கள். 2020ம் வருஷத்துக்கு ஐந்து பேர் கொண்ட டைரக்டர் குழுவுக்குக் கிடைத்த போனஸ் சுமார் 2 கோடியே 80 லட்சம் டாலர் என்று ப்ளூம்பெர்க் எழுதியது. நூற்றுக்கணக்கான ஊழியர்கள் எல்லோருக்கும் சேர்த்து வந்தது ஏறக்குறைய அதே அளவுதான். ஏமாந்தோம் என்று அமெரிக்காவில் வழக்குப் போட்ட பங்குதாரர்களோடு 18 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு 2021 டிசம்பரில் சமரசம் ஆயிற்று. டைரக்டருக்கு போனஸ், பங்குதாரருக்கு நஷ்டஈடு, வாங்கியவருக்குத் திரும்ப வந்த விலை. தூக்கம் கெட்டவனுக்கு மட்டும் எந்தக் கணக்கிலும் வரவு இல்லை.

"பிறகு சரிசெய்துவிட்டார்களே" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். 2023ல் பெரிய திருத்தம் வந்தது. போலீஸ்காரர் திடீரென முதுகுக்குப் பின்னால் முளைக்கும் கோளாறுகூடச் சீராயிற்று. விளம்பரப் படங்களில் ஓடிய ரயிலில் 2023 டிசம்பரில்தான் ஏறிப் போக முடிந்தது. இதைச் சரிசெய்தது யார்? அதே தொழிலாளிகள்! அவர்கள் அந்த வேலையை முடித்துக்கொண்டிருந்த 2023 ஜூலையில், சுமார் 100 பேரை, அதாவது ஏறத்தாழ 9 சதவீதத்தினரை, வேலையிலிருந்து நீக்கப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. மூன்று வருஷம் கேட்ட வசவு தொழிலாளிக்கு. மீட்ட நற்பெயர் கம்பெனிக்கு.

தோழர்களே, கதை இதோடு முடிந்திருந்தால் நாம் பெருமூச்சு விட்டுக் கலைந்து போகலாம். முடியவில்லை. 2023 அக்டோபரில் அந்தக் கம்பெனி ஊழியர்கள் போலந்து விளையாட்டுத் தொழிலாளர் சங்கம் அமைத்ததை அறிவித்தார்கள். ஆட்குறைப்புத்தான் தங்களை ஒன்றுசேர்த்தது என்றார்கள். அமெரிக்காவில் இதே திறந்த உலக விளையாட்டுகளைச் செய்யும் பெத்தெஸ்டா கம்பெனியின் 241 பேர் 2024 ஜூலையில் சங்கத்தில் சேர்ந்தார்கள். அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் சங்கத்தை அங்கீகரித்தது. குளிரூட்டிய அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர் தொழிலாளி அல்ல என்று நினைத்த காலம் போய்க்கொண்டிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது என்ன? நம் பிள்ளைகளிடம் சொல்வோம்: விளையாடு, தவறில்லை, ஆனால் கண்ணால் காணாத சரக்குக்கு முன்பணம் கட்டாதே. சரக்கு கெட்டுவந்தால் அதைச் செய்தவனை ஏசாதே. தேதி குறித்தவன் யார் என்று கேள்.

அந்தப் புத்திமதி மட்டும் போதாது. வாங்குகிறவர் ஒவ்வொருவராக உஷாராக இருப்பதால் இந்த வியாபாரம் நின்றுவிடாது. வேலை எப்போது முடியும் என்பது வேலை செய்கிறவனுக்குத் தெரியும். 'இது தயாராகவில்லை' என்று அவன் தனியாகச் சொன்னால் வேலை போகும். சங்கமாக நின்று சொன்னால் தேதி மாறும். வார்சாவில் அவர்கள் அதற்கு முதல் அடி எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தோழர்களுக்கு நமது வாழ்த்துகள்!