சிற்றாலயப் பாட்டுக் குழு
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாட்டுக் குழுவைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். தனிப்பாட்டு யாருக்குக் கிடைத்தது என்று தொடங்கினால் இன்றும் சண்டை வரும். ஆகவே நாங்கள் பாடிய மொழிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

கற்பிட்டியிலிருந்து சிலாபம் தாண்டியும் இந்தக் கரையின் கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் தமிழும் சிங்களமும் ஒன்றாகவே புழங்கின. கோவாவிலிருந்து வந்து 1742இல் போலவத்தையில் காலமான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இரண்டு மொழிகளிலும் எழுதியவர். தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவருடையதுதான்.

பூசையிலோ இலத்தீன். அதை நாங்கள் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிப் பாடினோம். தமிழில் 'ப' ஒன்றே. இலத்தீனிலோ அதற்கு இரண்டு ஒலி. வல்லோசை வேண்டாத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி எங்கே என்பதை மேல்வகுப்பு அக்கா பாடிக் காட்டுவார், அடுத்த வருடம் நாங்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுவோம். குழு நிலைத்தது அப்படித்தான். ஆர்மோனியத்தை நம்ப முடியாது. உப்புக்காற்றில் அதன் இரண்டு கட்டைகள் எப்போதும் ஊமை.

1960, 1961 சட்டங்களால் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. அந்த மார்கழியில் பெற்றோர் பாடசாலைகளுக்குள் குடியிருந்து மறித்ததை மூத்தவர்கள் அறிவீர்கள். 1963 மார்கழியில் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிவிட்டது. தாய்மொழி வந்தபோது இக்கரைப் பாடசாலைகள் பலவற்றில் தமிழ்மொழி வகுப்புகள் இருக்கவில்லை. இலத்தீன் போனதில் எனக்குப் பெரிய துக்கமில்லை. தமிழ்ப் பாட்டுகள் அதோடு சேர்ந்து போனதுதான் பொறுக்கவில்லை. அந்தத் தவக்கால ஒப்பாரிகளில் சிலவற்றின் இராகம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கும் ஏழெட்டுப் பேரிடம் இருக்கிறது.

நூற்றாண்டுப் பூசையின் பாட்டு வரிசையைப் பார்த்தேன். சிங்களம் உண்டு, ஆங்கிலம் உண்டு. தமிழ் ஒன்றுகூட இல்லை. காணிக்கை நேரத்துக்காவது ஒன்று வேண்டும் என்று குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்றைய பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்கிறார்கள். எங்களுக்கு இலத்தீன் தெரிந்திருந்ததா? சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுப்போம், ஒலியை நாங்கள் பாடிக் காட்டுவோம்.

அக்காமாரே, பழைய கொப்பிகளைக் கடைக்குப் பொட்டலம் கட்டக் கொடுத்துவிடாதீர்கள். கனடாவிலும் இத்தாலியிலும் இருப்பவர்கள் நினைவிலுள்ளதைத் தொலைபேசியில் பாடி அனுப்புங்கள், குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்குச் சிற்றாலயம் திறந்திருக்கும். வரக்கூடியவர்கள் தேநீருக்குப் போகுமுன் என்னிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.